மகரந்தத்தை மெல்லும் அந்துப்பூச்சி

ஐரோப்பாவில் மே, ஜூன் மாதங்களில் காட்டோரத்து ஈரநிலங்களில் கோரைகள் பூக்கும். கோரைப்பூ யார் கண்ணையும் இழுக்காது. வண்ண இதழ் கிடையாது, தேன் கிடையாது. மகரந்தம் மட்டும் மஞ்சள் தூசியாகத் தொங்கும். பட்டாம்பூச்சிகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் வெயில் ஏறிய நேரத்தில் குனிந்து பார்த்தால், அந்தப் பூங்கதிர்களில் வெண்கல நிறத்தில் மினுக்கும் பொடிப் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். சிறகை முழுக்க விரித்தாலும் 7 முதல் 10 மில்லிமீட்டர்தான். சிறகு முதுகோடு சேரும் இடத்தில் ஊதாச் சாயல், தலையில் செம்மஞ்சள் மயிர்க்கற்றை. அந்துப்பூச்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரவும் விளக்கும்தான். இது பட்டப்பகலில், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்தான் கண்ணில் படும்.

பெயர் மைக்ரோப்டெரிக்ஸ் கால்தெல்லா. 1761-இல் லின்னேயஸ் வைத்த பெயர். சதுப்பில் வளரும் கால்தா என்ற மஞ்சள் பூச்செடியில் இதை அடிக்கடி பார்க்கலாம் என்பதால் அந்தப் பெயர். கோரை, கால்தா தவிர ரனன்குலஸ் வகைப் பூக்களிலும் இது மேயும். மேய்வது என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை. தேன் குடிக்க இதனிடம் உறிஞ்சுகுழலே கிடையாது. இருப்பது தாடைகள். அவற்றால் மகரந்தத்தை மெல்கிறது.

இது எவ்வளவு விசித்திரம் என்பதற்கு ஒரு கணக்கு. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டும் சேர்ந்த செதிலிறகிகள் என்ற வரிசையில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஏறக்குறைய 1,60,000. வளர்ந்த நிலையில் அவற்றில் பெரும்பாலானவை குழலால் உறிஞ்சுகின்றன. பட்டுப்பூச்சியைப் போல எதுவுமே உண்ணாமல், புழுப் பருவத்துச் சேமிப்பிலேயே ஓட்டிவிட்டுச் சாகிறவையும் உண்டு. வளர்ந்த பிறகும் தாடையால் மெல்லும் கூட்டம் மிகச் சிறியது. மைக்ரோப்டெரிஜிடே என்ற இந்தப் பூச்சியின் குடும்பத்தில் சுமார் 160 இனங்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதம். குடும்பத்துக்கு வெளியே தேடினால் இன்னும் ஒரு கைப்பிடி கிடைக்கும், அவ்வளவுதான்.

மகரந்தத்தை மெல்ல வேண்டிய அவசியம் என்ன? மகரந்தத் தூளில் புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. முட்டை வைக்க வேண்டிய பெண் பூச்சிக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீரான தேனைவிட இது எவ்வளவோ மேல். சிக்கல் அதன் ஓட்டில்தான். ஒவ்வொரு மகரந்த மணியும் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆன உறை போட்டிருக்கிறது. இயற்கை உண்டாக்கும் பொருள்களில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று அது. அமிலத்துக்கும் எளிதில் மசியாது. முழுதாக விழுங்கினால் சத்தெல்லாம் உள்ளேயே பூட்டிக் கிடக்க, மணி அப்படியே மறுபக்கம் போய்விடக்கூடும். உடைத்தாக வேண்டும்.

அதற்கான கருவிகள் இந்தப் பூச்சியின் முகத்தில் இருக்கின்றன. உருப்பெருக்கியின் கீழே வைத்தால் முதலில் தெரிவது வாயின் இருபுறமும் மடித்து வைத்த நீளமான இரண்டு உணர்கைகள். ஐந்து கணுக்கள். மற்ற பல அந்துப்பூச்சிகளில் இந்த உறுப்பு சுருங்கிப்போய் இருக்கும். இதில் கைகளைப் போலவே வேலை செய்கிறது. கடைசிக் கணுவில் இதற்கென்றே அமைந்த முட்கள் உண்டு. பூவின் மகரந்தப்பைக்குள் உணர்கையை விட்டு, அந்த முட்களால் தூளை வழித்து எடுத்து வாய்க்குக் கொண்டு வரும். வாய்க்குள்ளே போனதும் மேல் அண்ணத்தில் உள்ள மயிர்த்தூரிகைகள் மணிகளைப் பின்னால் தள்ளுகின்றன. அடியில் ஒரு குழி, அதில் முள் வரிசைகள். தாடைகளும் இந்தக் குழியும் சேர்ந்து திரிகையில் அரைப்பதுபோல மகரந்தத்தை நொறுக்கி உள்ளே அனுப்புகின்றன.

இந்த அமைப்பை 'பழமையான வாய்' என்று ஒரு வார்த்தையில் கடந்து போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாடை இருப்பது பழைய சொத்து, சரி. அதைச் சுற்றியுள்ள முட்கள், தூரிகைகள், அரைக்கும் குழி எல்லாம் ஒரு குறிப்பிட்ட உணவுக்காக நுணுக்கமாகச் செதுக்கப்பட்டவை. குழல் முளைக்காமல் பாதியில் நின்றுபோன வாய் என்று இதைப் பார்த்தால் அதன் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

சிறகையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். முன்சிறகு, பின்சிறகு இரண்டிலும் நரம்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். பட்டாம்பூச்சியில் இரண்டுக்கும் நரம்பமைப்பு வேறு வேறு. முன்சிறகின் அடியில் சிறு மடிப்பு ஒன்று உண்டு. பறக்கும்போது முன்சிறகையும் பின்சிறகையும் கோத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அதற்குப் பங்கு. தூரம் பறக்கும் பூச்சி ஒன்றும் இல்லை இது. பூவிலிருந்து பூவுக்கு, செடியிலிருந்து செடிக்கு, அவ்வளவுதான் அதன் உலகம். சிறகின் செதில்கள் மேல்தகடும் கீழ்தகடும் ஒட்டிப்போய் உள்ளே வெற்றிடம் இல்லாதவை. மற்ற அந்துப்பூச்சிகளின் செதில்களில் பெரும்பாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். அந்த வெண்கல மினுக்கு சாயத்தால் வருவதில்லை. எண்ணெய்ப் படலத்தில் நிறம் தெரிவதற்கான அதே இயற்பியல்தான், மெல்லிய தகட்டில் ஒளி பிரதிபலிப்பதால் வருகிறது. இந்தக் கெட்டியான செதில், வெற்றிடச் செதில் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

வளர்ந்த பூச்சியை ஆண்டில் சில வாரங்கள்தான் பார்க்கலாம். மீதி மாதங்கள் தரையோரத்தில் கழிகின்றன. புழு மிகச் சிறியது, சாம்பல் நிறம், மக்கும் இலைகளுக்கும் பாசிக்கும் புல்வேர்களுக்கும் நடுவே மறைந்து வாழும். தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வழக்கமான கம்பளிப்புழுவுக்கு வயிற்றுப் பகுதியில் ஐந்து ஜோடிப் பொய்க்கால்கள். இதற்கு எட்டு ஜோடிக் குட்டைக் கால்கள், அதுவும் மற்றப் புழுக்களின் காலில் உள்ள பற்றுக் கொக்கிகள் இல்லாமல். புழுவுக்குப் பொருந்தாத அளவில் உணர்கொம்புகளும் நீளம். ஸ்டெலேரியா போன்ற தரையோரச் செடிகளின் பச்சை இலையைத் தின்று வளர்வதை வளர்ப்பில் பார்த்திருக்கிறார்கள்.

கூட்டுப்புழு நிலையிலும் ஒரு வினோதம். பட்டாம்பூச்சிக் கூட்டுப்புழு அசையாத ஒரு பொட்டலம். காலும் சிறகும் உடலோடு ஒட்டிப்போயிருக்கும். இதில் அவை தனித்தனியாக விலகி நிற்கும், தாடையும் அசையும். வெளியே வர வேண்டிய நேரத்தில் அந்தத் தாடையாலேயே கூட்டைக் கிழிக்கும். எரியோகிரானிடே என்று இன்னொரு குடும்பம் உண்டு. அதன் கூட்டுப்புழுவிலும் பெரிய தாடைகள் இருக்கும், அவற்றால் கூட்டை அறுத்து வெளியே வரும். வெளியே வந்த பூச்சியிலோ தாடை சூம்பிப்போயிருக்கும், ஒரு குட்டைக் குழல் இருக்கும். தாடையிலிருந்து குழலுக்குப் போன பாதை எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவு மாறுபாடுகள் இருந்தால் இது அந்துப்பூச்சிதானா என்ற சந்தேகம் வராமல் இருக்குமா? வந்தது. 1917-இல் டி. ஏ. சாப்மன் இந்தக் குடும்பத்தைச் செதிலிறகிகளிலிருந்து பிரித்து, ஸீக்ளாப்டெரா என்ற தனி வரிசையாகவே வைக்க வேண்டும் என்றார். அமெரிக்கப் பூச்சியியலாளர் காம்ஸ்டாக் இன்னொரு பக்கம் இழுத்து, இவற்றைக் கேடிஸ் பூச்சிகளோடு சேர்த்தார். கேடிஸ் பூச்சிகளின் புழுக்கள் நீருக்கடியில் மணலையும் குச்சியையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டுபவை. செதிலிறகிகளுக்கு மிக நெருங்கிய உறவு அவைதான். ஆக இது அந்துப்பூச்சியா, கேடிஸ் பூச்சியா, இரண்டும் இல்லாத மூன்றாவதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. டென்மார்க்கின் நீல்ஸ் பேதர் கிறிஸ்டென்சன் போன்றவர்கள் தலை, மார்பு, வயிறு என்று உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுக் காட்டிய பிறகு கேள்வி அடங்கியது. செதில் மூடிய சிறகு உட்பட ஏராளமான அடையாளங்கள் இவை செதிலிறகிகள்தான் என்று சொல்கின்றன. ஸீக்ளாப்டெரா என்ற பெயர் மட்டும் பிழைத்து, இப்போது துணைவரிசையின் பெயராக இருக்கிறது.

தாடையுள்ள இன்னும் இரண்டு குழுக்கள் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கின்றன. அகாதிஃபாகா, 1952-இல் விவரிக்கப்பட்டது. குவீன்ஸ்லாந்திலும் தென்மேற்குப் பசிபிக் தீவுகளிலும் காவ்ரி மரத்தின் விதைக்குள் வளர்கிறது. இதன் புழு விதைக்குள்ளேயே உறக்கநிலையில் 12 ஆண்டுகள் கிடந்து, பிறகு பூச்சியாக வெளிவந்த பதிவு உண்டு. மற்றது ஹெட்டெரோபாத்மியா. தென் அமெரிக்காவின் குளிர்ந்த தென்பகுதியில், நோத்தோஃபாகஸ் மரங்களில் வாழ்கிறது. புழு அந்த மர இலையின் இரு தோல்களுக்கு நடுவே குடைந்து தின்கிறது. வளர்ந்த பூச்சி அதே மரத்தின் மகரந்தத்தை மெல்கிறது. குழலுள்ள மற்ற எல்லா அந்துப்பூச்சிகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் சேர்த்து குளோசாட்டா என்று பெயர்.

இனி கல்லுக்குள் கிடக்கும் சாட்சிக்கு வருவோம். வட ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்துக்குப் பக்கத்தில் ஷாண்டெலா என்ற இடத்தில் ஆழமாகத் துளையிட்டுப் பாறை மாதிரி எடுத்தார்கள். டிரையாசிக் காலம் முடிந்து ஜுராசிக் தொடங்கும் எல்லை, அதாவது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தக் காலத்துப் பேரழிவைப் பற்றி அறிய மகரந்தங்களைத்தான் தேடினார்கள். பாறையை அமிலத்தில் கரைத்தால் மகரந்தமும் வித்துத்தூளும் கரையாமல் மிஞ்சும். அவற்றோடு கலந்து கிடந்தன அந்துப்பூச்சிச் செதில்கள். அப்போது மாணவராக இருந்த டிமோ வான் எல்டைக் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். எதைக்கொண்டு? ஊசி நுனியில் ஒட்டிய மனித மூக்கு மயிர் ஒன்றைக்கொண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசி அளவுள்ள செதிலை உடையாமல் தூக்க அதன் விறைப்பும் வளைவும் சரியாக இருந்ததாம். அப்படிச் சேர்ந்தவை 70 செதில்கள். முடிவுகள் 2018 ஜனவரியில் வெளியாயின.

அந்த 70-இல் சில, மைக்ரோப்டெரிக்ஸுக்கு உள்ளதுபோலக் கெட்டியானவை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சில செதில்கள் உள்ளே வெற்றிடம் உள்ளவை. வெற்றிடச் செதில் குளோசாட்டாவின் அடையாளம். அப்படியானால் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குழலுள்ள கிளை பிரிந்துவிட்டது என்று ஆகிறது. இங்கேதான் கதை முரண்டு பிடிக்கிறது. பூக்கும் தாவரங்களின் உறுதியான புதைபடிவங்கள் கிரெட்டேசியஸ் காலத்தில்தான், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் கிடைக்கத் தொடங்குகின்றன. தேன் குடிக்கத்தான் குழல் வந்தது என்று பாடநூல்கள் சொல்லிவந்த விளக்கம் இதில் அடிபட்டுப் போகிறது. தேன் தரும் பூவே இல்லாத காலத்தில் குழல் எதற்கு?

ஆய்வாளர்கள் முன்வைத்த பதில் இது: அன்றைய காடுகளில் பைன், சைகஸ் போன்ற திறந்த விதைத் தாவரங்கள் இருந்தன. அவற்றின் சூல்முனையில், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிப்பதற்காக, சர்க்கரை கலந்த ஒரு துளி நீர் கசிந்து நிற்கும். வறண்ட, வெப்பமான சூழலில் சிறு பூச்சிக்குத் தண்ணீர் இழப்பு பெரிய ஆபத்து. அந்தத் துளியைக் குடிக்கக் குழல் உதவியிருக்கும். பூ பின்னால் வந்தது, தயாராக இருந்த குழல் அதற்குப் பயன்பட்டது. இது கருதுகோள்தான், நிரூபணம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் பழைய விளக்கத்தைவிடக் காலக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

மரபணுக்களைக் கேட்டால் இன்னும் பின்னால் கொண்டுபோகின்றன. 2019-இல் அகிடோ கவஹாரா குழுவினர் 186 இனங்களின் 2,098 மரபணுக்களை ஒப்பிட்டார்கள். செதிலிறகிகளின் பொது மூதாதை சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், குழலுள்ள கிளை சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஷாண்டெலாச் செதில்களுக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவே 10 கோடி ஆண்டு இடைவெளி கிடக்கிறது.

சரி, பூவே இல்லாத அந்தக் காலத்தில் தாடையுள்ள பூச்சி எதை மென்றது? திறந்த விதைத் தாவரங்களுக்கும் மகரந்தம் உண்டு. பெரணிகளின் இலைக்கு அடியில் வித்துத்தூள் உண்டு. இரண்டுக்கும் உறை அதே ஸ்போரோபொலெனின்தான். நியூசிலாந்தில் வாழும் சபாட்டின்கா என்ற உறவுக்காரப் பூச்சிகள் இன்றும் பெரணி வித்துத்தூளைத் தின்கின்றன. மகரந்தம் அரைக்கத் தெரிந்த வாய்க்கு இதையும் அரைக்கத் தெரியும்; பூ வந்தபோது உணவுப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். (அந்தப் பூச்சிகளை வகைப்படுத்திய ஜார்ஜ் கிப்ஸ், பூச்சி பிடிக்க மாலையில் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று கடிகாரத்தைத் தள்ளி வைக்க யோசனை சொன்ன ஜார்ஜ் ஹட்சனின் பேரன். கோடைகால நேர மாற்றம் என்று பல நாடுகள் இன்று முனகிக்கொண்டே செய்யும் காரியத்தின் வேரில் ஒரு பூச்சியியலாளர் இருக்கிறார்.)

நியூ கலிடோனியாத் தீவில் கதை இன்னும் சுவையானது. அங்கே சிகோகைனம் என்ற மரம், பூக்கும் தாவரங்களில் பழைய கிளைகளில் ஒன்றான விண்டெரேசி குடும்பம். அதன் பூவுக்குச் சபாட்டின்கா கூட்டமாக வந்து, மகரந்தத்தைத் தின்று, அங்கேயே இணை சேர்ந்து, போகும்போது மகரந்தத்தைச் சுமந்து போவதை 1985-இல் ஒரு குழு பதிவு செய்தது. பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள மிகப் பழைய உறவுகளில் ஒன்றாக இது இருக்கலாம் என்று அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. பழைய செடியும் பழைய பூச்சியும் இன்று சேர்ந்திருப்பதாலேயே அன்றும் சேர்ந்திருந்தன என்று ஆகிவிடாது. அதை மட்டும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கையையே கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். 'உயிருள்ள புதைபடிவம்' என்ற பட்டத்தை இந்தப் பூச்சிக்கு ஒட்டிவிடுவது சுலபம். குடும்பம் பழையது, சந்தேகமில்லை. லெபனான் நாட்டு அம்பரில் (கல்லாக இறுகிய மரப்பிசினில்), கிரெட்டேசியஸ் முற்பகுதியைச் சேர்ந்த பராசபாட்டின்கா கிடைத்திருக்கிறது. அதற்காக இன்று கோரையில் உட்கார்ந்திருக்கும் பூச்சி அன்றைய பூச்சியாகிவிடாது. நம் வீட்டுப் பட்டாம்பூச்சிக்குப் பின்னால் எத்தனை கோடி ஆண்டுப் பரிணாமம் உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு. சில உறுப்புகள் பழையபடி இருக்கின்றன, சில மாறிவிட்டன, அவ்வளவுதான்.

ஜப்பான் இதற்கு நல்ல உதாரணம். அங்கும் அண்டைப் பகுதிகளிலும் இந்தக் குடும்பத்தின் 25 இனங்கள் கொண்ட ஒரு கிளை இருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. 25-இன் புழுக்களும் கோனோசெஃபாலம் என்ற ஒரே ஈரற்பாசியைத்தான் தின்கின்றன. செடிக்குச் செடி தாவித்தான் பூச்சிகள் புது இனங்களாகப் பிரிகின்றன என்பது வழக்கமான விளக்கம். இவை உணவை மாற்றவே இல்லை. தூரம் பறக்கத் தெரியாததால் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே தனித்தனியாக அகப்பட்டு, இருந்த இடத்திலேயே வேறு வேறு இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. தேங்கி நின்ற குடும்பம் செய்கிற காரியமா இது?

மகரந்தம் தின்பதும் பழைய பழக்கம் மட்டுமே என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க வெப்பமண்டலத்தில் ஹெலிகோனியஸ் பட்டாம்பூச்சிகள் குழலை வைத்துக்கொண்டே மகரந்தம் உண்ணும் வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. மெல்ல முடியாதே, என்ன செய்வது? குழலின் மேல் மகரந்தத்தை உருண்டையாகச் சேர்த்து, எச்சிலில் மணிக்கணக்கில் ஊறவைத்து, கசிந்துவரும் அமினோ அமிலங்களைக் குடிக்கின்றன. 1972-இல் லாரன்ஸ் கில்பர்ட் இதை விளக்கினார். அந்தச் சத்தால் இவை மாதக்கணக்கில் உயிரோடிருந்து முட்டை வைத்துக்கொண்டே இருக்கின்றன. பல பட்டாம்பூச்சிகளுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். தாடையைக் கைவிட்ட வம்சம், தாடை தந்த உணவுக்குச் சுற்று வழியில் திரும்பி வந்திருக்கிறது.

ஷாண்டெலாச் செதில்களுக்கும் மரபணுக் கணக்குக்கும் நடுவேயுள்ள அந்த 10 கோடி ஆண்டு இடைவெளியை எப்படி நிரப்புவது? முழு அந்துப்பூச்சி கல்லில் படிந்து கிடைப்பது அரிது. மெல்லிய உடல், சீக்கிரம் சிதைந்துவிடும். செதில் அப்படி இல்லை, அமிலத்திலும் தாங்குகிறது. டிரையாசிக் காலத்தையும் அதற்கு முந்தைய பெர்மியன் காலத்தையும் சேர்ந்த பாறைகளைக் கரைத்து மகரந்தம் எண்ணுவதற்காகத் தயாரித்த கண்ணாடித் துண்டுகள் உலகெங்கும் ஆய்வகங்களில் இருக்கின்றன. எண்ணியவர்கள் தேடியது மகரந்தத்தை மட்டும். ஷாண்டெலாவில் செதில் கண்ணில் பட்டதும் மகரந்தம் தேடும்போதுதான். ஆகவே அடுத்த பழைய செதிலுக்குப் புதிதாகத் துளை போட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏற்கெனவே எண்ணி முடித்து அலமாரியில் வைத்த ஏதோ ஒரு மாதிரியிலேயே அது இருக்கலாம்.